பேரேட்டின் அடியில் ஒரு கையெழுத்து

கணக்குப்பிள்ளை என்ற சொல்லுக்குப் பெண்பால் கிடையாது. டீச்சரம்மா, டாக்டரம்மா, வக்கீலம்மா எல்லாம் நம் தெருக்களில் வந்துவிட்டார்கள். ‘ஆடிட்டரம்மா’ என்று யாராவது கூப்பிட்டு நான் இதுவரை கேட்டதில்லை. பெண் ஆடிட்டர்கள் இல்லாமலில்லை. எங்கள் ஊரிலேயே மூன்று பேர் இருக்கிறார்கள். ஆனால் ‘ஆடிட்டர்’ என்று சொன்னதும் நம் மனம் ஒரு வெள்ளைச் சட்டையைத்தான் போய்த் தேடுகிறது.

தமிழில் ‘கணக்கு’ மிகப் பெரிய சொல். எழுத்துகளின் வரிசை நெடுங்கணக்கு. சங்க இலக்கியத் தொகை மேற்கணக்கு, அடுத்து வந்தது கீழ்க்கணக்கு. ஆசிரியருக்குக் கணக்காயர் என்று பெயர். நக்கீரரின் தந்தை மதுரைக் கணக்காயனார். எழுதத் தெரிவதும் எண்ணத் தெரிவதும் ஒரே வேரில் பிறந்தவை என்று இந்த மொழி நினைத்திருக்கிறது. எண்ணும் எழுத்தும் கற்பது கண் திறப்பது என்று குழந்தைகளுக்குச் சொல்லித் தந்ததே ஔவை என்கிற ஒரு பெண்ணின் பெயரில்தான். ‘கணக்கர்’ என்ற சொல்லின் ‘அர்’ விகுதியில் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. இலக்கணம் யாரையும் தடுக்கவில்லை. தடுத்தது திண்ணை.

திண்ணைப் பள்ளியில் எண்சுவடியை உரக்கச் சொல்லி மனப்பாடம் செய்தவர்கள் பையன்கள். அவர்களுக்குப் பாடம் சொன்ன மரபிலோ ஒரு வேடிக்கை இருக்கிறது. யாப்பருங்கலக் காரிகை தன் விதிகளை ஒரு பெண்ணை விளித்துச் சொல்கிறது. மகடூஉ முன்னிலை என்று அதற்குப் பெயரும் வைத்திருக்கிறோம். 12ஆம் நூற்றாண்டில் பாஸ்கரர் எழுதிய கணித நூலான லீலாவதியிலும் கணக்கைப் போடச் சொல்லி ஒரு பெண்ணிடம்தான் கேட்கிறார்கள். அவள் பாஸ்கரரின் மகள் என்றும், மணமாகாமல் போன அவளுக்கு ஆறுதலாக எழுதப்பட்ட நூல் என்றும் ஒரு கதை வழங்குகிறது. நூலுக்குள் எதிரே உட்கார்ந்து கேட்பவள் பெண். நூலுக்கு வெளியே பள்ளியில் அவளுக்கு இடமில்லை. முனைவர் பட்டத்துக்காகப் படித்த காலத்தில் இதை அழகியல் உத்தி என்று குறித்துவைத்துக்கொண்டேன். இப்போது அந்த விளிச்சொற்களைப் படிக்கும்போது, அவள் திரும்பி என்ன விடை சொன்னாள் என்றுதான் கேட்கத் தோன்றுகிறது.

பெண்கள் கணக்கில் வராமல் இல்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில், 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. எந்தக் கோயிலிலிருந்து கொண்டுவரப்பட்டவள், எந்தத் தெருவில் எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு, அவளுக்கு எவ்வளவு பங்கு என்று ஒவ்வொருத்திக்கும் ஒரு பதிவு. ஒரு பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். ‘நக்கன்’ என்ற முன்னொட்டோடு வரிசையாக வரும் அந்தப் பெயர்களை உரக்கப் படித்தால் மூச்சு வாங்கும். நம் வரலாற்றில் இத்தனை சாதாரணப் பெண்களின் பெயர்கள் ஓரிடத்தில் கிடைப்பது அரிது. அவை கிடைப்பதற்குக் காரணம் யாருடைய அன்பும் அல்ல. நெல் அளக்கக் கணக்கு வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அவர்கள் பேரேட்டின் வரிகள். அந்தப் பேரேட்டை எழுதியவர்கள் வேறு.

இலங்கை மலையகத்தில் இதே காட்சி வேறு உடையில் நடந்தது. கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கூடையை நிறுத்து எடையைக் குறிப்பவர் கணக்கப்பிள்ளை. அன்றைய நாள் கூலிக்குரியதாகப் பதிவாவதற்கே ‘பேர்’ என்றுதான் பெயர். எடை குறைந்தால் அரைப் பேர். ஒரு மனுஷியின் பெயரைப் பாதியாக்கும் அதிகாரம் ஒரு பென்சில் முனையில் இருந்தது. நாள் முழுக்கப் பறித்தவளின் கூலியைக் கணவனோ தகப்பனோ போய் வாங்கிக்கொள்ளும் வழக்கமும் நெடுங்காலம் இருந்தது. நிறுத்துக் குறிக்கப்படுபவள் ஒருத்தி, குறிப்பவன் ஒருவன், காசைப் பெறுபவன் இன்னொருவன்.

செட்டிநாட்டுக் கதை இதைவிடச் சிக்கலானது. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் ஆண்கள் கொண்டுவிற்கப் போன காலத்தில் அந்தப் பெரிய வீடுகளை நடத்தியவர்கள் ஆச்சிமார்கள். மகளுக்கு வைத்த சாமான்களை வெள்ளிக் கிண்ணம் முதல் வெங்கலப் பானை வரை அவர்கள் பட்டியல் போட்டு வைத்திருந்த ஒழுங்கை எந்தத் தணிக்கையாளரும் மெச்சுவார். அவர்களின் சீதனப் பணம் அவர்கள் பெயரிலேயே பேரேட்டில் வரவு வைக்கப்பட்டு வட்டியோடு வளர்ந்தது. தமிழ்ப் பெண்களில் தன் பெயரில் ஒரு கணக்கு இருந்த அதிர்ஷ்டசாலிகள் அவர்கள். அங்கும் கடையின் பேரேடு ஆண்கள் கையில்தான்.

மற்ற வீடுகளில் பெண்ணின் கணக்குக்குச் சிறுவாடு என்று பெயர். அரிசிப் பானைக்குள், அஞ்சறைப் பெட்டிக்குள், பழைய புடவை மடிப்புக்குள் சேர்ந்த பணம். இதற்கு வரவு உண்டு, செலவு உண்டு, ஐந்தொகை மட்டும் கிடையாது. எழுதினால் மாட்டிக்கொள்வோம் என்பதால் மனத்தில் மட்டுமே வைக்கப்பட்ட கணக்கு அது. என் அம்மாச்சிக்கு எழுதத் தெரியாது. பால்காரரிடம் வரும் ஒவ்வொரு நாளுக்கும் அடுப்படிச் சுவரில் கரிக்கோடு போடுவார். மாதக் கடைசியில் கோடுகளை எண்ணிச் சொல்லும் தொகையில் அரையணா பிசகியதில்லை என்பார்கள். சுவருக்கு வெள்ளையடித்த அன்று அவருடைய ஏடுகள் எல்லாம் போய்விட்டன. 2016 நவம்பரில் 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்ட வாரம் நினைவிருக்கிறதா? எத்தனை வீடுகளில் சிறுவாடு கூடத்துக்கு வந்து கணவனின் கைக்குப் போனது! பெண்களின் சேமிப்பைப் பற்றி நாடு ஒரே இரவில் நடத்திய கணக்கெடுப்பு அது. அதை அப்படி எழுதிவைக்கத்தான் யாருமில்லை.

ஆக, பெண்ணுக்குக் கணக்கு வராது என்பது யாரும் உண்மையாக நம்பிய விஷயம் அல்ல. நம்பியிருந்தால் மளிகைச் செலவை அவளிடம் விட்டிருக்க மாட்டார்கள். மறுக்கப்பட்டது கணக்கு அல்ல, கணக்கின் அடியில் போடும் கையெழுத்து. ‘இது சரி’ என்று இன்னொருவரின் கணக்கைப் பார்த்துச் சொல்லவும், அந்தச் சொல்லைச் சட்டம் ஏற்கவும் வேண்டிய உரிமை.

இந்தச் சண்டை ஒளிவுமறைவில்லாமல் நடந்த இடம் லண்டன். இங்கிலாந்தில் பட்டயக் கணக்காளர் கழகம் 1880இல் அரச பட்டயம் பெற்றது. அந்த ஊரில் மேரி ஹாரிஸ் ஸ்மித் என்ற பெண் 1880களிலேயே சொந்தமாகக் கணக்கு அலுவலகம் நடத்திக்கொண்டிருந்தார். 1844இல் பிறந்தவர், கணிதம் படித்தவர். 1891இல் கழகத்தில் சேர விண்ணப்பித்தார். மறுத்துவிட்டார்கள். பட்டயத்தின் வாசகம் ஆண்பாலில் இருக்கிறது என்பது சொல்லப்பட்ட நியாயங்களில் ஒன்று. ஒரு படர்க்கை இடப்பெயரை வைத்துக் கதவைச் சாத்தினார்கள். இலக்கணம் நடத்திப் பிழைக்கும் எனக்கு இது கொஞ்சம் தனிப்பட்ட கோபம்.

பால் அடிப்படையிலான தகுதிநீக்கத்தை ஒழிக்கும் சட்டம் 1919இல் வந்த பிறகு, 1920இல் ஸ்மித்தைச் சேர்த்துக்கொண்டார்கள். அப்போது அவருக்கு வயது 75. உலகின் முதல் பெண் பட்டயக் கணக்காளர் என்று அவரை எல்லோரும் குறிப்பிடுகிறார்கள். ஒருவர் தன் வேலையை முப்பது ஆண்டுகளுக்கு மேல் செய்து முடித்த பிறகு அந்த வேலைக்கு அவர் தகுதியானவர் என்று சான்றளிப்பதை என்னவென்று சொல்வது?

அமெரிக்காவில் கிறிஸ்டின் ராஸ் 1898இல் நியூயார்க் தேர்வை எழுதினார். தேர்ச்சியும் பெற்றார். பெண்ணுக்குச் சான்றிதழ் தரலாமா என்று அதிகாரிகள் ஒன்றரை ஆண்டு யோசித்து, 1899 டிசம்பரில் கொடுத்தார்கள். விடைத்தாளில் குறை எதுவும் இல்லை. எழுதிய கையில்தான் குறை கண்டார்கள்.

இதே பத்தாண்டுகளில் லண்டன், நியூயார்க் அலுவலகங்கள் பெண்களை ஆயிரக்கணக்கில் உள்ளே எடுத்துக்கொண்டிருந்தன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தட்டச்சுப் பொறி வந்தது, கூட்டல் எந்திரம் வந்தது. ஏடு எழுதும் வேலைக்குக் குறைந்த சம்பளத்தில் பொறுமையான கைகள் தேவைப்பட்டன. பெண் மூளை எண்களைத் தாங்காது என்ற பேச்சு அந்த மேசைகளின் பக்கம் வரவே இல்லை. பதிவு எழுதுவது பெண் வேலை, தணிக்கை செய்வது ஆண் தொழில் என்று ஒரே அறைக்குள் கோடு கிழிக்கப்பட்டது. ‘தொழில்’ என்ற சொல்லின் மரியாதையே அந்தக் கோட்டின் உயரத்தில்தான் நின்றது.

எனக்கு இவர்கள் எல்லோரையும்விடப் பிடித்தவர் எத்தல் அயர்ஸ் பர்டி. 1909இல் லண்டன் கணக்காளர் சங்கத்தில் உறுப்பினரான முதல் பெண். வாக்குரிமைப் போராளி. வாக்கில்லை என்றால் வரியில்லை என்று கிளம்பிய பெண்கள் வரிமறுப்பு இயக்கத்தில் இருந்தவர். அன்றைய ஆங்கிலேய வரிச் சட்டப்படி மனைவியின் வருமானம் கணவனின் வருமானம். வரி கட்ட வேண்டியவனும் அவனே. இயக்கம் அந்தச் சட்டத்தை அப்படியே பிடித்துக்கொண்டது. எலிசபெத் வில்க்ஸ் ஒரு மருத்துவர். தன் வருமானத்துக்கு வரி கட்ட மறுத்தார். மனைவியின் வரியைக் கட்டவில்லை என்று 1912இல் அவருடைய கணவர் மார்க் வில்க்ஸைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள். அவர் பள்ளி ஆசிரியர். மனைவியின் சம்பளத்தைவிடக் குறைந்த சம்பளக்காரர். சட்டத்தை அதன் சொல்படியே நடக்கவிட்டால் அது எவ்வளவு கோமாளித்தனமாகிவிடும் என்று ஊரே பார்த்தது. கணக்குத் தெரிந்த பெண்கள் அரசியலுக்கு வந்தால் இப்படித்தான் ஆகும். மனைவியின் வருமானத்தைத் தனியாகக் கருதும் முறை பிரிட்டனில் 1990இல்தான் வந்தது என்பதை வகுப்பில் சொன்னால் என் மாணவிகள் நம்புவதில்லை.

இனி நம் ஊர். நான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே ஆர். சிவபோகத்துக்காகத்தான்.

1907இல் பிறந்தவர். சென்னை ராணி மேரி கல்லூரியில் படித்தார். சகோதரி சுப்புலட்சுமியின் நிழலில் வளர்ந்த தலைமுறை. குழந்தை விதவையாகி, 1911இல் பட்டம் பெற்று, தன்னைப் போன்ற சிறுமிகளுக்காகச் சாரதா இல்லத்தை நடத்திய அந்தச் சுப்புலட்சுமிதான். கணவன் இறந்ததும் வீட்டின் மூலையில் வைக்கப்பட்ட பெண்களைப் பள்ளிக்கு அனுப்பி, சம்பாதிக்க வைத்த இடம் அது. சொந்தச் சம்பளம் என்ற சொல்லைச் சிவபோகம் அங்கேதான் முதலில் அர்த்தத்தோடு பார்த்திருப்பார் என்று நினைத்துக்கொள்கிறேன்.

அவர் காந்தியத்தில் இறங்கினார். கதர் கட்டினார். அந்நியப் பொருள் புறக்கணிப்பில் கலந்துகொண்டு ஓராண்டு சிறையில் இருந்தார். வெளியே வந்த பெண்ணுக்கு அன்று திறந்திருந்த கதவுகள் சில. ஆசிரியர் ஆகலாம், சமூக சேவை செய்யலாம், கல்யாணம் செய்துகொள்ளலாம். அவர் அரசின் கணக்கியல் பட்டயத் தேர்வுக்குப் படித்தார். ஜி.டி.ஏ. என்று அதைச் சொல்வார்கள். சென்னையில் சி.எஸ். சாஸ்திரி என்ற ஆடிட்டரிடம் பயிற்சி. 1933இல் தேர்ச்சி. இந்தியாவின் முதல் பெண் கணக்காயர். லண்டனில் மேரி ஹாரிஸ் ஸ்மித் இறந்தது அதற்கு அடுத்த ஆண்டு.

தேர்ச்சி பெற்றதும் கையெழுத்து வந்துவிடவில்லை. சிறை சென்றவர்கள் கணக்காயராகப் பதிவு செய்துகொள்ள முடியாது என்று ஒரு விதி குறுக்கே நின்றது. நாட்டுக்காகச் சிறை போனது தொழிலுக்கான களங்கமாக மாறியது. சிவபோகம் வழக்குத் தொடுத்தார். வென்றார். 1937இல் சொந்தமாகத் தொழில் தொடங்கினார்.

இந்த வழக்கை நாம் எவ்வளவு குறைவாகப் பேசியிருக்கிறோம்! முதல் பெண் மருத்துவர், முதல் பெண் சட்டமன்ற உறுப்பினர் என்று முத்துலட்சுமி ரெட்டியைப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரியும். தெரியவும் வேண்டும். சிவபோகத்தின் பெயர் வணிகவியல் மாணவிகளுக்கே தெரிவதில்லை. உயிர் காக்கும் பெண்ணை ஊர் எளிதில் கும்பிடும், ஏனென்றால் அவளிடம் தாயின் சாயல் இருக்கிறது. கணக்குக் கேட்கும் பெண்ணிடம் என்ன சாயல் இருக்கிறது? ‘எங்கே போச்சு இந்தப் பணம்?’ என்று கேட்பவளை வீட்டிலேயே யாருக்கும் பிடிக்காது.

1937 என்ற ஆண்டைக் கொஞ்சம் பிடித்து நிறுத்த விரும்புகிறேன். 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்களுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டிருந்தது. எட்டு ஆண்டுகள் கழித்து, 1937இல், இந்து விதவைக்குக் கணவன் சொத்தில் பங்கு தரும் சட்டம் வந்தது. அதுவும் அவள் உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கலாம், தன் விருப்பப்படி விற்க முடியாது என்ற அளவில். அதாவது, பெரும்பாலான பெண்களுக்குத் தன் சொத்து என்று காட்ட ஒரு செண்ட் நிலம்கூட முழு உரிமையோடு இல்லாத ஆண்டில், கம்பெனிகளின் சொத்தையும் கடனையும் சரிபார்த்துச் சான்றளிக்க ஒரு பெண் சென்னையில் அலுவலகம் திறந்தாள். அவளிடம் கணக்கைக் காட்ட வந்தவர்களில் எத்தனை பேர் வீட்டில் மனைவியிடம் சம்பளத் தொகையையே சொல்லாதவர்கள்!

சுதந்திரத்துக்குப் பிறகு 1949இல் இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகம் உருவானது. அதன் தென்னிந்திய மண்டலக் குழுவுக்கு 1955 முதல் 1958 வரை சிவபோகம் தலைவராக இருந்தார். 1956இல், பட்டயக் கணக்காளர் தேர்வில் சிறந்து விளங்கும் பெண்களுக்காக ஒரு உதவித்தொகையை ஏற்படுத்தினார். இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்த அதே ஆண்டு. அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. 1966இல் இறந்தார். லண்டன் கழகத்துக்கு முதல் பெண் தலைவராக ஷீலா மாஸ்டர்ஸ் வந்தது 1999இல். நம் தேசியக் கழகத்துக்கு, 1949 தொடங்கி நான் இதை எழுதும் இந்த நாள்வரை, ஒரு பெண்கூடத் தலைவராக வந்ததில்லை.

மற்றொரு கணக்குப் பதவியும் நம் ஊரில் சரிந்தது. தகப்பனிடமிருந்து மகனுக்குப் போன கர்ணம், மணியக்காரர் பதவிகளை 1980இல் எம்.ஜி.ஆர். அரசு ஒழித்தது. கிராம நிர்வாக அலுவலர் பதவி தேர்வுக்கு வந்தது. இன்று பட்டா மாறுதலுக்குப் போனால் மேசைக்குப் பின்னால் பெரும்பாலும் என் மாணவி வயதில் ஒரு பெண். 1989இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் குழுக்கள் வழியாகத் தீர்மானப் புத்தகமும் ரொக்க ஏடும் கிராமத்துப் பெண்களின் பைக்குள் வந்தன. வெயிலில் மரத்தடியில் உட்கார்ந்து கூட்டிக் கழித்து, தப்பினால் மறுபடி கூட்டி, எல்லோர் முன்னாலும் வாசித்துக் காட்டும் அந்தக் கணக்கை நான் பார்த்திருக்கிறேன். பல பெரிய நிறுவனங்கள் வெட்கப்பட வேண்டும்.

ஆனால் இப்போது கதை திரும்பியிருக்கிறது. முன்பு கணக்கு எழுதியவளுக்குக் கையெழுத்து இல்லை. இப்போது கையெழுத்துப் போடுபவளுக்குக் கணக்கு காட்டப்படுவதில்லை. வரியைக் குறைக்கவும் கடன் வாங்கவும் மனைவி பெயரில் கடை, அம்மா பெயரில் கம்பெனி. 2013 கம்பெனிச் சட்டம் குறிப்பிட்ட நிறுவனங்களில் ஒரு பெண் இயக்குநராவது வேண்டும் என்றது. பல குடும்ப நிறுவனங்களில் அந்த நாற்காலிக்கு மருமகளின் பெயர் போனது. ஊராட்சித் தலைவி கையெழுத்திட்ட காசோலைப் புத்தகம் கணவரின் சட்டைப் பையில் இருப்பதை யாரும் மறைப்பதுகூட இல்லை. என் தோழி ஒருத்தி பதினோரு ஆண்டுகள் பென்சிலால் போட்டுக் காட்டப்பட்ட பெருக்கல் குறியின் மேல் கையெழுத்துப் போட்டாள். சமையலுக்கு நடுவே, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு. ஒரு நாள் அவள் பெயருக்கு வரி நோட்டீஸ் வந்தது. தான் ஒரு மொத்த வியாபாரி என்பதை அவள் அன்றுதான் அறிந்தாள்.

அதனால்தான் இந்தத் தொழிலுக்குப் பெண்கள் வர வேண்டும் என்பதை வேலைவாய்ப்புப் பிரச்சினையாக மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை. மகளிர் கல்லூரிகளில் பி.காம். இடத்துக்கு நடக்கும் போட்டி எல்லோருக்கும் தெரியும். சி.ஏ. முதல்நிலைத் தேர்வைப் பலர் எழுதுகிறார்கள். பிறகு ஆர்டிகிள்ஷிப் வருகிறது. ஒரு ஆடிட்டரிடம் இரண்டு ஆண்டுப் பயிற்சி. முன்பு மூன்று ஆண்டு, 2023இல் குறைத்தார்கள். வெளியூர்த் தணிக்கைக்குப் போக வேண்டும், மார்ச் மாதக் கடைசியில் கிடங்கில் நின்று சரக்கை எண்ண வேண்டும், செப்டம்பரில் இரவு பத்து மணிவரை அலுவலகத்தில் இருக்க வேண்டும். தேர்வில் தோற்றவர்களைவிட இங்கே வீட்டுக்கு அழைத்துக்கொள்ளப்பட்டவர்களைத்தான் எனக்கு அதிகம் தெரியும். ‘பேங்க் எக்ஸாம் எழுதும்மா, அது போதும்’ என்று அன்பாகத்தான் சொல்கிறார்கள்.

போன மாதம் வணிகவியல் இரண்டாமாண்டு தமிழ் வகுப்பில் கணக்கு என்ற சொல்லைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவள் சிவபோகத்தைப் பற்றிச் சொன்னேன். ஐம்பத்தெட்டுப் பேரில் ஒருத்திக்கும் அந்தப் பெயர் தெரிந்திருக்கவில்லை. மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்தாள்.

“மேடம், அவங்களை வீட்டுல வெளியூருக்கெல்லாம் அனுப்பினாங்களா?”

“வெளியூர் என்னம்மா, அவங்க ஜெயிலுக்கே போயிட்டு வந்தவங்க” என்றேன்.

வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. அந்த வழக்கு எந்த வருஷம் மேடம், அப்பாகிட்டச் சொல்லணும் என்று கேட்டு, நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள்.